பழைய நகைச்சுவையும் இன்றைய செவிகளும்: ஊவாத் தோட்டப்புற நிலை நின்று ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழரின் பொதுமக்கட் கலைகளுள் வானொலி நாடகத்துக்குத் தனியிடம் உண்டு. 1970களில் இலங்கை வானொலியில் ஒலித்த ‘கோமாளிகள் கும்மாளம்’ என்னும் நகைச்சுவைத் தொடர் அவ்வகையிற் பெரும் புகழ் பெற்றது. அதன் செல்வாக்கே 1976இல் ‘கோமாளிகள்’ திரைப்படம் வெளிவர வழிகோலிற்று. இன்று அந்நகைச்சுவையை இளமை நினைவாகப் போற்றுவோரும் உளர். இனப் பரிகாசமெனத் தள்ளுவோரும் உளர். இவ்விரு முடிவுகளும் போதியனவா என்பதைப் பதுளை, மொனராகலைத் தோட்டப்புற மக்களின் நிலையிலிருந்து ஆராய்தல் பயனுடைத்து.

இத்தொடரின் சிரிப்பு பெரும்பாலும் பேச்சுமொழி வேறுபாட்டிலே பிறந்தது. முஸ்லிம் பாத்திரமான ‘மரிக்கார்’ எஸ். ராமதாஸ், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் ‘அப்புக்குட்டி’ ரி. ராஜகோபால், தமிழைச் சிதைத்துப் பேசும் சிங்களவர் ‘உபாலி’ எஸ். செல்வசேகரன், ‘ஐயர்’ பி. எச். அப்துல் ஹமீட். தமிழர் முஸ்லிமாகவும் சிங்களவராகவும், முஸ்லிம் கலைஞர் ஐயராகவும் நடித்த இவ்விளையாட்டில் எச்சமூகமும் தனித்து இலக்காகவில்லை, சிரிப்பு பங்கிடப்பட்டது. ஆயின் 1983 யூலையிற் பதுளை நகர் எரிந்தது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் அதே பேச்சு பழைய களங்கமின்மையோடு காதில் விழுவதில்லை. நாடகம் மாறவில்லை, கேட்கும் சமூகமே மாறியது.

இங்கு மற்றொன்றும் கவனிக்கற்பாலது. மேற்சொன்ன நால்வருள் தோட்டத் தொழிலாளி எவருமில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தொகையாகப் பங்கிடப்பட்ட மக்கள், சிரிப்பைப் பங்கிட்டோர் வரிசையில் இடம்பெறவில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல் தமிழரிடையேயே வழங்கிய காலம் அது. லயத்திலிருந்து வானொலி கேட்டவன் பிறர் தமக்குள் ஆடிய விளையாட்டின் பார்வையாளனாகவே இருந்தான்.

இன்றைய மொனராகலையில் இம்முரண் மேலும் கூர்மையடைகிறது. அம்மாவட்டத்திற் தமிழர் மிகச் சிறுபான்மையினர். சிங்கள மொழி மூலம் கற்கும் தோட்டப் பிள்ளைகளும் அங்குளர். அத்தகைய பிள்ளை பேசும் தமிழில் சிங்களச் சொல்லும் ஓசையும் கலத்தல் இயல்பு. அன்று நாம் உபாலியின் வாயிற் கேட்டுச் சிரித்த மொழியின் சாயல் இன்று நம்மவர் பிள்ளையின் வாயில் ஒலிக்கிறது. அதற்கும் சிரிப்போமாயின், கல்வி வாய்ப்பின்மையையே நாம் நகைப்பவராவோம்.

பிற நாட்டு அனுபவமும் இதனைத் தெளிவாக்கும். ஆங்கிலம் கற்க வந்த பிறநாட்டாரின் பேச்சை நகைத்த ‘மைன்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர் 1977இல் தொடங்கியது. இன்று அது இன வார்ப்புருக்களுக்கு எடுத்துக்காட்டாகின்றது. ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ தொடரில் ஜொனி ஸ்பெயிற் இனவெறியன் ஒருவனை நையாண்டி செய்யவே படைத்தார். பார்வையாளருட் சிலரோ அவனையே தம் குரலாகக் கொண்டாடினர். ஆக்கியோன் நோக்கம் மட்டுமே ஒரு நகைச்சுவையின் பயனை நிர்ணயிப்பதில்லை.

அவ்வாறாயின் அளவுகோல் யாது? அதனைத் தோட்ட மக்களின் மரபிலேயே காணலாம். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியும் துரையும் எள்ளலுக்கு ஆளாகின்றனர். பெரட்டுக் களத்தில் எதிர்த்துப் பேச இயலாதவர், கொழுந்து மலையிற் பாட்டாக எய்த அம்பு அது. அங்கே நகை கீழிருந்து மேல் நோக்கிச் செல்கிறது. வலியவன் செயலைச் சுடுகிறது. எளியவன் நாவின் வழக்கைச் சுடுவது கேலி. அதிகாரத்தின் நடத்தையைச் சுடுவதே அங்கதம். பழைய தொடர்களில் இவ்விரண்டும் கலந்தே உள்ளன.

ஆதலின் அவ்வொலிப்பதிவுகளை அழியவிடுதலும் தகாது, விளக்கமின்றிக் கொண்டாடுதலும் தகாது. எஞ்சியவற்றைத் தேடிக் காத்தல் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளின் கடன். அவற்றை ஆராயும் வகுப்பில் ஊவாத் தோட்டத்து மாணவனும் அமர்ந்திருத்தல் வேண்டும். எது தன்னை நகைவிக்கிறது, எது தன்னை நகைக்கிறது என்பதை அவனே சொல்லட்டும்.