எழுதிக் கொடுத்தால்தான் முறைப்பாடு

"எத்தினை தரம் பிள்ளை நடக்கிறது? போற நேரமெல்லாம் 'பாப்பம், பாப்பம்' எண்டுதான் சொல்லுறாங்கள்."

வன்னியில் நான் பணியாற்றும் கிராமமொன்றில் ஓர் அம்மா என்னிடம் இப்படிச் சொன்னார். போரில் கணவரையும் மகளையும் இழந்து, இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்த்து வருபவர். வீதியோர வாய்க்கால் தூர்ந்துபோனதால், மழைக்காலத்தில் கழிவுநீர் அவரது கிணற்றடியில் வந்து நின்றது. சின்னவனுக்கு வயிற்றோட்டம் வந்து ஆஸ்பத்திரியிலும் வைத்திருந்தார். பிரதேச சபைக் கந்தோருக்கு ஆறு தடவை போய்விட்டார்.

"கடிதம் குடுத்தனீங்களோ அம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ, பேர் எழுதிக் கையெழுத்து வைச்சால் பிறகு தேடியெல்லோ வருவினம்."

பதிவுக்கும் விசாரணைக்கும் பழகிப்போன எமது பெண்களின் இந்தப் பயத்தை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பயத்தினாலேயே பல முறைப்பாடுகள் வாய்ப்பேச்சோடு முடிந்து விடுகின்றன. எழுத்தில் இல்லாததற்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எழுதியும் பதில் வராவிட்டால் என்ன செய்வது? அதற்காகவே ஒம்புட்ஸ்மன் என்ற பதவி இருக்கிறது. 1809 இல் சுவீடனில் தோன்றிய இப்பதவிக்கு, எமது நாட்டில் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு இடமளித்தது. 1981 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 'நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர்' என்ற பெயரில் இது செயற்படுகிறது. அரச அலுவலர்கள் மட்டுமன்றி, மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை அலுவலர்கள் இழைக்கும் அநீதிகளையும் இவர் விசாரிக்கலாம். முன்னர் பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் குழுவினூடாகவே இவரிடம் போக முடிந்தது. 1994 இல் சட்டம் திருத்தப்பட்ட பின் எவரும் நேரடியாக எழுதலாம். தமிழிலேயே எழுதலாம்.

இவர் நீதிபதியல்லர். விசாரித்து, பிழை கண்டால், திருத்தும்படி பரிந்துரைப்பார். கட்டளையிட முடியாது. அயலவருடனான வேலிச் சண்டை போன்ற தனியார் பிணக்குகளும் இவருக்குரியவை அல்ல. எனினும், மேலிடமொன்று விளக்கம் கேட்கும் என்பதே பல கோப்புகளை அசைக்கப் போதுமானது.

எனவே சகோதரிகளே, இவற்றை மறவாதீர்கள்:

* முதலில் உரிய சபைக்கு எழுதுங்கள். என்ன நடந்தது, எப்போது, யாரைச் சந்தித்தீர்கள், என்ன வேண்டும் என்பவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுங்கள்.
* பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் கடிதப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள்.
* பதில் இல்லையேல், 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்.
* அதன் பிறகும் தீராவிட்டால் பிரதிகளை இணைத்து ஒம்புட்ஸ்மனுக்கு எழுதுங்கள்.

அந்த அம்மா நடுங்கும் கையால் முதற் கடிதத்தில் ஒப்பமிட்டார். பதில் வரவில்லை. ஒம்புட்ஸ்மனிடம் முறையிடப் போவதாக இரண்டாவது கடிதம் அனுப்பினோம். இரண்டு கிழமையில் ஆட்கள் தேடி வந்தார்கள், மண்வெட்டிகளோடு! கிணற்றடிப் பக்கம் வாய்க்கால் வெட்டியாயிற்று. மிகுதி வேலைக்குச் சபை எழுத்தில் தவணை கொடுத்திருக்கிறது. ஒம்புட்ஸ்மனுக்கு எழுதிய முறைப்பாடு அம்மாவின் றங்குப் பெட்டியில் தயாராக இருக்கிறது.

"தவணை தப்பினால் நானே போய்ப் போடுவன் பிள்ளை" என்கிறார் இப்போது.