24 என்ற சமரசம்

முதல் உலகப் போர்க்களத்தில் எடுத்த படச்சுருள்களில் வீரர்கள் குடுகுடுவென்று நடப்பார்கள். நிஜத்தில் யாரும் அப்படி நடக்கவில்லை. எடுத்த வேகம் ஒன்று, ஓட்டும் வேகம் வேறு.

அன்று கேமராமேன் கைப்பிடியைச் சுற்றித்தான் படமெடுப்பார். ஒரு சுற்றுக்கு 8 பிரேம், விநாடிக்கு 2 சுற்று. ஆக 16 பிரேம். இது ஏட்டுக் கணக்கு. கை சோர்ந்தால் குறையும், பதற்றத்தில் கூடும். சிரிப்புப் படங்களில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி ஓட்டத்தை விரைவாக்கியதும் உண்டு. திரையிடுபவரும் கூடுதல் காட்சிக்காக புரொஜக்டரை விரட்டுவார்.

1920களின் இறுதியில் படம் பேசத் தொடங்கியதும் இந்தச் சுதந்திரம் போயிற்று. வேகம் சற்றுப் பிசகினால் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. பாடுபவரின் சுருதியே மாறிவிடும். அதனால் மோட்டார் வந்தது, விநாடிக்கு 24 பிரேம் நிலைத்தது. நிமிடத்துக்கு 60 அடி ஓடிய ஃபிலிம் 90 அடி ஓடியது. இன்னும் வேகமாக ஓட்டினால் ஒலி தெளியும், ஃபிலிம் செலவும் ஏறும். காதுக்கும் பணப்பைக்கும் நடந்த பேரத்தில் பிறந்த எண் 24. கண்ணைக் கேட்டு வைத்ததல்ல. 16-ல் எடுத்த ஒரு மணி நேரப் படம் 24-ல் ஓடினால் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இதைவிட விசித்திரம் ஷட்டர். ஃபிலிம் அடுத்த பிரேமுக்கு நகரும்போது அது மூடிக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்குவது 1/48 விநாடிதான். இரண்டு மணி நேரப் படத்தில் கேமரா கண்டது சுமார் ஒரு மணி நேரம். மிச்சம் பதிவாகவே இல்லை. வீசிய கை பிரேமில் சற்றுக் கலங்கித் தெரியும். நாம் சினிமாத்தனம் என்று உணர்வதில் அந்தக் கலங்கலுக்குப் பெரும் பங்குண்டு.

2012-ல் பீட்டர் ஜாக்சன் ‘தி ஹாபிட்’ படத்தை 48 பிரேமில் எடுத்தார். பலருக்கு டிவி சீரியல் பார்ப்பது போலிருந்தது. செட்டும் ஒப்பனையும் பல்லிளித்தன. விவரம் கூடியது, மயக்கம் கலைந்தது. அவரே 2018-ல் ‘தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்’ ஆவணப்படத்துக்காக அந்தப் போர்க்காலச் சுருள்களை எடுத்து, இடைப் பிரேம்களைக் கணினியால் உருவாக்கி 24-க்குக் கொண்டுவந்தார். நடை இயல்பாயிற்று, ஆனால் அந்த இடைக்கணங்களை எந்தக் கேமராவும் பார்த்ததில்லை.

இதே ஊகத்தைப் புதிய டிவிகள் பலவும் நம்மைக் கேளாமலே செய்கின்றன. கிரிக்கெட்டுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும். சினிமா பார்க்கும்போது செட்டிங்ஸில் போய் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைத்துவிடுங்கள்.