சிறிய நினைவகம், பல வேலைகள்

கணிப்பொறியின் நினைவகம் படிக்கும் மேசை போன்றது. வட்டு, புத்தக அலமாரி போன்றது. மேசை மிகச் சிறிதானால் என்ன செய்வது?

1971-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயங்கிய பிடிபி-11 கணிப்பொறிக்கு நினைவகம் 24 கிலோபைட்டுதான். அதில் 16 இயக்க அமைப்புக்கே போயிற்று. பயனாளர் நிரல்களுக்கு மிஞ்சியது 8! ஆகவே ஒரு சமயத்தில் ஒரு நிரலே உள்ளே இருக்கும். அடுத்ததன் முறை வந்ததும் முன்னது வட்டுக்குச் செல்லும்.

பின்னர் இன்னொரு சிக்கனமும் வந்தது. பத்துப் பேர் ஒரே நிரலை இயக்கினாலும் அதன் கட்டளைகளுக்கு ஒரு பிரதி போதும். மாறும் தரவுகளுக்கு மட்டுமே தனித்தனி இடம்.

இதற்கும் எல்லை உண்டு. வட்டு, நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. ஓடும் நிரல்களின் தேவை நினைவகத்தை மிஞ்சினால், ஏற்றுவதிலும் இறக்குவதிலுமே நேரம் கழியும், வேலை நகராது.

இன்றைய லினக்ஸிலும் இதே கதைதான். 'டாப்' என்னும் கட்டளை, ஒவ்வொரு நிரலும் பிடித்துள்ள இடத்தைக் காட்டும். ஆனால் அவ்வெண்களைக் கூட்டிவிடாதீர்கள். பொதுப் பிரதி பலமுறை எண்ணப்பட்டிருக்கும் அல்லவா?

மாணவர்களே! பழைய கணிப்பொறி தவழ்கிறதா? அதை ஒதுக்குமுன், அதிக இடம் பிடித்த, தேவையற்ற நிரலை நிறுத்திப் பாருங்கள்.