வீடு மாறிய பூல் மேசை

வீடு மாற்றுவோர் பெரும்பாலும் பீரோவையும் கண்ணாடிப் பொருள்களையும் எண்ணிக் கவலைப்படுவர். பெங்களூரு மல்லேசுவரத்தின் பழைய வீட்டிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு நாங்கள் குடிபெயர்ந்தபோது, எங்கள் கவலை முழுவதும் எட்டடிப் பூல் மேசை ஒன்றைப் பற்றியதாக இருந்தது. பணி ஓய்வு பெற்றபின் தந்தையார் தம் சேமிப்பிலிருந்து வாங்கிய மேசை அது. மாலையானால் பழைய நண்பர் இருவர் வருவர். இருட்டும்வரை ஆட்டமும் பேச்சும் நடக்கும்.

புதிய வீட்டில் அம்மேசையை ஒரே பிற்பகலில் பொருத்திவிட்டனர். பச்சைத் துணி பளபளத்தது. நாங்களும் மனநிறைவோடு பணம் கொடுத்தனுப்பினோம். ஆனால் அடுத்த சில நாள்களில் தந்தையார் ஆடுவதைக் குறைத்துக்கொண்டார். மெதுவாகத் தட்டும் பந்து ஓரிடத்தில் மெல்ல விலகிப் போயிற்று. “மேசையைக் குறை சொல்லாதீர்கள், எனக்குத்தான் கை தளர்ந்துவிட்டது” என்றார். நண்பர்களின் வருகையும் குறைந்தது.

அவர் கையில் குறையில்லை. துணிக்கு அடியிலிருந்த கல்லின் மூட்டில்தான் குறை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

நல்ல பூல் மேசையின் ஆடுதளம் மரத்தாலானதன்று, சிலேட்டுக் கல்லாலானது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் வளையும். அதனால் 1826ஆம் ஆண்டளவில் லண்டனில் மேசை செய்துவந்த ஜான் தர்ஸ்டன் சிலேட்டுக் கல்லைப் பயன்படுத்தத் தொடங்கினார். பூல் மேசையில் பொதுவாக மூன்று கற்கள் இருக்கும். ஓர் அங்குலத் தடிமனுள்ள எட்டடி மேசையின் ஒவ்வொரு கல்லும் ஏறத்தாழ 70 கிலோ எடையுடையது. மூன்றையும் பிரித்தால்தான் மேசை வீடு மாறும். மீண்டும் சேர்க்கும்போது இரண்டு மூட்டுகள் தோன்றும். அம்மூட்டுகளில் கற்களின் உயர வேறுபாடு 0.005 அங்குலத்தை, அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டரை, மிஞ்சக்கூடாது என்பது போட்டி மேசைகளுக்கான உலக அளவுகோல்.

இவ்விளையாட்டுக் குடும்பம் நம் மண்ணுக்கு அயலானதன்று. ஸ்னூக்கர் ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் பிறந்தது. அதன் விதிகள் உதகமண்டலம் கிளப்பில் உருப்பெற்றன. அரவிந்த் சவூரிடம் பயின்று, 2003இல் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்ற பங்கஜ் அத்வானி வளர்ந்ததும் பெங்களூரில்தான்.

அனுபவமிக்க மேசைக் கைவினைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் கியூ கோலைத் தொடவேயில்லை. பந்து ஒன்றைக் கையால் மெல்ல உருட்டிவிட்டுக் காது கொடுத்தார். மூட்டைக் கடக்கையில் ‘டிக்’ என்று ஓர் ஓசை எழுந்தது. துணியை அகற்றியபோது காரணம் விளங்கிற்று. ஒரு கல் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. அந்தப் படியை மறைக்க, கார்களுக்குப் பூசும் பட்டியைச் சரிவாக இழுத்துப் பூசியிருந்தனர். பள்ளத்தை நிரப்புவதும் மட்டம் செய்வதும் வெவ்வேறு வேலைகள் என்பதே அன்று நாங்கள் கற்ற முதற்பாடம்.

அவர் செய்த முறை வருமாறு. முதலில் கற்களின் விளிம்பில் ஒட்டியிருந்த பழைய பட்டியையும் மெழுகையும் முற்றிலும் சுரண்டி எடுத்தார். சிறு துகள் எஞ்சினாலும் கற்கள் நெருங்கிச் சேரா. அடுத்து மரச்சட்டத்தை ரசமட்டம் வைத்துச் சரிசெய்தார். நடுக்கல்லை முதலில் அமைத்து, பின் இருபக்கக் கற்களையும் சேர்த்தார். மூட்டின் குறுக்கே நேரான எஃகு அளவுகோலை வைத்து, தாழ்ந்த இடத்தில் கல்லுக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய ஆப்புகளைச் செருகினார். திருகாணிகளை இறுக்கியபின் மீண்டும் அளந்தார். ஏனெனில் இறுக்கும்போதே கல் சற்று அசையக்கூடும். விரல் நுனிக்கு மூட்டுத் தட்டுப்படாத நிலை வந்த பின்னரே நிரப்பும் பொருளைக் கையில் எடுத்தார்.

பட்டி கடினமாக இறுகும்; நெடுநாள் நிற்கும். ஆனால் மறுமுறை மேசையைப் பிரிக்கையில் அதைக் கொத்தி எடுக்க நேரும். கல்லின் விளிம்பும் சிதையலாம். தேன்மெழுகு அவ்வாறன்று, சூடுகாட்டினால் இளகி வந்துவிடும். அது உருக 60 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். பெங்களூரின் கோடையில் வீட்டினுள் அந்த அச்சமில்லை. வாடகை வீட்டிலிருப்போருக்கும் அடிக்கடி இடம் மாறுவோருக்கும் தேன்மெழுகே ஏற்றது என்றார்.

மூட்டருகே கல்லை இளஞ்சூடாக்கி, உருக்கிய மெழுகை இடைவெளியிலும் திருகாணிக் குழிகளிலும் சற்று மேலெழும்படி வார்த்தார். அது முற்றிலும் குளிருமுன், அகன்ற தகட்டைச் சாய்த்துப் பிடித்து, கல்லின் மட்டத்துக்குச் சீவினார். தூசியைத் துடைத்தபின் பந்தை உருட்டினார். ஓசையில்லை. அதன்பிறகே துணியை விரித்தார்.

மேசை வைத்திருப்போர் மனத்திற்கொள்ள வேண்டியவை சில உள. பிரிக்குமுன் கற்களுக்கு எண்ணிட்டுப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நிரப்பும் பொருள் எது, துணிக்கான செலவு யாருடையது என்பவற்றை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள். துணி விரிக்குமுன் மூட்டை நீங்களே தடவிப் பாருங்கள். பந்தை மெல்ல உருட்டிப் பார்த்த பின்னரே கடைசித் தவணையைக் கொடுங்கள். இந்த நான்கையும் செய்யாததால் நாங்கள் ஒரே வேலைக்கு இருமுறை செலவிட்டோம்.

அன்று மாலை தந்தையார் தயக்கத்தோடு கோலை எடுத்தார். அவர் மெதுவாகத் தட்டிய பந்து இரண்டு மூட்டுகளையும் கடந்து, நேரே சென்று மூலைக் குழியில் விழுந்தது. அவர் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்து நண்பரை அழைத்து, “நாளை ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள்” என்றார்.