ஊமத்தையும் புழுவைக் கொல்லும்

திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கம் வேப்பிலைக்குப் பஞ்சமே இல்லை. கொழுந்தைக் கிள்ளி, மஞ்சளோடு அரைத்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, வெறும் வயிற்றில் பிள்ளையின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுக்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். "வயித்துப் பூச்சி எல்லாம் செத்துடும்" என்பது அவர்கள் நம்பிக்கை. வேப்பம்பூ ரசம், சுண்டைக்காய் வற்றல், பாகற்காய் என்று கசப்பான எதற்கும் நம் வீடுகளில் பூச்சியைக் கொல்லும் என்ற பெயர் உண்டு.

அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை? அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் வெகு தூரத்தில் இல்லை. திருவேற்காட்டை ஒட்டி வேலப்பன்சாவடி வழியாக ஓடும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே மேற்கே சுமார் நூறு கிலோமீட்டர் போனால் மேல்விஷாரம், அதைத் தாண்டினால் வேலூர். இரண்டு ஊர்களிலும் குடற்புழுவைப் பற்றிய முக்கியமான வேலைகள் நடந்திருக்கின்றன.

தட்டில் நெளியும் மண்புழு

மருந்தியல் கல்லூரிகளில் இந்தச் சோதனை பெரும்பாலும் மண்புழுவிலிருந்துதான் தொடங்குகிறது. இலையை நிழலில் உலர்த்திப் பொடிக்கிறார்கள். எத்தனாலிலோ தண்ணீரிலோ ஊறவைத்து, வடித்து, வற்றவிட்டால் அடியில் பிசின் போல ஒரு சத்து தங்கும். அதைப் பல அளவுகளில் கரைத்துக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி, கழுவிய மண்புழுக்களை விடுகிறார்கள். பக்கத்துத் தட்டு ஒன்றில் அல்பெண்டசோல் அல்லது பைப்பரசின் என்ற புழு மருந்து, இன்னொன்றில் வெறும் உப்புநீர்.

பிறகு கடிகாரமும் நோட்டும்தான். முதலில் புழு வேகமாக நெளியும். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, தட்டை ஆட்டினால் மட்டும் அசையும். அதுவும் நின்றால் அது முடங்கிய நேரம். செத்துவிட்டதா என்று உறுதி செய்ய 50 டிகிரி வெந்நீரில் போடுகிறார்கள். அங்கேயும் அசையாமல், உடல் நிறம் வெளுத்துப் போனால் அது இறந்த நேரம்.

மண்புழுவைத் தேர்ந்தெடுக்கக் காரணம், எளிதாகக் கிடைக்கிறது, உடலமைப்பில் நாக்குப்பூச்சியை ஓரளவு ஒத்திருக்கிறது என்பது. ஆனால் இரண்டும் ஒரே இனம் அல்ல. மண்புழுவின் தோல் ஈரமானது, மெல்லியது. அதன் வழியாகத்தான் அது மூச்சே விடுகிறது. நாக்குப்பூச்சியோ நம் செரிமான நீரில் ஊறியும் கரையாத தடித்த மேலுறையோடு வாழ்வது. மண்புழு செத்தது என்பதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

மேல்விஷாரத்தில் ஐந்து செடிகள்

மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். உண்மையான ஒட்டுண்ணியையே எடுத்தார்கள். ஆட்டின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் ஒரு உருளைப்புழுவின் முட்டைகளும் இளம்புழுக்களும்தான் அவர்கள் சோதனைக்கு வந்தவை. நிலவேம்பு, பேய்மிரட்டி, சீத்தா, ஊமத்தை, சுண்டை என எல்லாம் நம் தெருவோரத்தில் வளர்கிற செடிகள்தான். முடிவுகள் 2011-இல் ஒரு சர்வதேச ஒட்டுண்ணியியல் இதழில் வெளியாயின.

நிலவேம்பு, சீத்தா, ஊமத்தை, சுண்டை ஆகிய நான்கின் மெத்தனால் சாறுகளும் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவில் முட்டை பொரிவதையும் இளம்புழு பிழைப்பதையும் முழுவதுமாகத் தடுத்தன. சுண்டையைப் பற்றிப் பாட்டி சொன்னதை வெறும் வாய்வார்த்தை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே ஆய்வில் முட்டை பொரிவதைத் தடுக்க, ஒரு மில்லிலிட்டருக்கு 0.075 மில்லிகிராம் அல்பெண்டசோல் போதுமாயிற்று. அதாவது செடிச்சாறு அறுநூறு மடங்குக்கு மேல் தேவைப்பட்டது. சாறு என்பது பல பொருள்களின் கலவை, மாத்திரையோ ஒரே பொருள் என்பதால் இந்த ஒப்பீடு முழு நியாயம் இல்லைதான். வேலை செய்யும் பொருள் எது என்று பிரித்தெடுப்பது அடுத்த கட்ட வேலை.

வெற்றி பெற்ற நான்கில் ஊமத்தையும் இருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற நச்சுகள் அதில் உண்டு. தின்றவருக்குக் கண்மணி விரியும், நாக்கு வறளும், புத்தி தடுமாறும், உயிரே போகலாம். தட்டில் புழு சாகிறது என்பதற்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஜெயித்தவையும் கைவிடப்பட்டவையும்

மத்திய ஆசியாவின் ஒரு மாசிபத்திரி வகையிலிருந்து கிடைத்த சாண்டோனின், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நாக்குப்பூச்சிக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்பட்டது. குடித்தவர்களுக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் கைவிட்டார்கள். கொக்கிப்புழுவுக்கு அமெரிக்காவில் பெரிதாகப் பயன்பட்ட கீனோபோடியம் என்ற செடியின் எண்ணெய் சில நோயாளிகளின் உயிரையே வாங்கியது.

நல்ல செய்தியும் உண்டு. நைஜீரியாவில் குடல் ஒட்டுண்ணி இருந்த 60 குழந்தைகளுக்கு நடத்திய சிறிய சோதனை 2007-இல் வெளியானது. உலர்த்திய பப்பாளி விதையைத் தேனில் கலந்து கொடுத்தவர்களில் 76.7 சதவீதம் பேரின் மலத்தில் ஒட்டுண்ணி இல்லாமல் போனது. தேன் மட்டும் குடித்தவர்களில் அது 16.7 சதவீதம்தான். மனிதரில் சோதித்தது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவை வைத்தது என்ற இரண்டும் இதன் பலம். 60 பேர் போதாது என்பது பலவீனம்.

சித்த மருத்துவத்தில் புழுவுக்குச் சொல்லப்படும் வாய்விடங்கத்திலிருந்து எம்பெலின், புரச விதையிலிருந்து பலாசோனின் என்று வேலை செய்யும் பொருள்களை வேதியியலார் பிரித்துவிட்டார்கள். இவையும் பெரிய அளவில் மனிதரில் சோதிக்கப்பட்டால்தான் எத்தனை வயதுக்கு எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியும். அந்த வேலை அவசரமாக நடக்க வேண்டும். சாட்டைப்புழு என்ற இன்னொரு குடற்புழுவுக்கு ஒரு வேளை அல்பெண்டசோல் சரியாகக் கேட்பதில்லை. ஆட்டுப் புழுக்களோ பல நாடுகளில் அந்த மருந்துக்குப் பழகியே போய்விட்டன. மனிதரின் புழுக்களும் அந்த வழியில் போனால் கையிருப்பில் வேறு மருந்து வேண்டும்.

வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம்

"இயற்கைதானே, என்ன செய்யும்?" என்று கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுவது ஆபத்து. மலேசியாவில் அப்படிக் குடித்த 13 குழந்தைகளைப் பற்றி 1981-இல் லான்செட் மருத்துவ இதழ் எழுதியது. வாந்தி, மயக்கம், மூளை பாதிப்பு. வேப்பம்பூ ரசம் உணவு. வேப்பெண்ணெய் அப்படியல்ல. குழந்தைக்கு ஒரு பாலாடைகூடக் கொடுக்கக் கூடாது. மூலிகை மருந்துதான் வேண்டும் என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும்.

மண்ணிலிருந்து திரும்பவும் வயிற்றுக்கு

ஒரு பெண் நாக்குப்பூச்சி நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். அவை மலத்தோடு மண்ணில் கலந்து, கழுவாத கீரை வழியாகவும் நகக்கண் வழியாகவும் வாய்க்குத் திரும்புகின்றன. கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலைத் துளைத்தே உள்ளே போகும். குடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும். பிள்ளை வெளுத்து, சோர்ந்து, படிப்பில் பின்தங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மழைக்காலத்தில் கூவம் பெருகித் தாழ்வான தெருக்களில் கழிவுநீர் கலக்கும்போது செருப்பில்லாமல் பிள்ளைகளை விடக் கூடாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரு முறை என மூன்று ஆண்டுகள் மாத்திரை கொடுத்து, புழு பரவுவதையே அறுக்க முடியுமா என்று ஆராய்ந்தது. டிவார்ம்3 என்ற இந்த ஆய்வு பெனின், மலாவி நாடுகளிலும் நடந்தது. பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, வீட்டில் புழு சுமக்கும் பெரியவர்களை விட்டுவிட்டால் மண்ணில் முட்டை விழுந்துகொண்டேதான் இருக்கும் என்ற கவலையில் பிறந்தது அது.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் 19 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குடற்புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி மாத்திரையைப் பொடித்துத் தர வேண்டும். பெரிய பிள்ளைகள் மென்று விழுங்க வேண்டும். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் சாப்பிடக் கூடாது. ராத்திரியில் ஆசனவாய் அரிக்கிறது என்று பிள்ளை அழுதால் அது கீரிப்பூச்சியாக இருக்கலாம். அதற்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் கொடுக்கச் சொல்வார் மருத்துவர். மாத்திரை தரும் முகாம் நாளில் காய்ச்சல் என்று விடுபட்ட பிள்ளைக்குச் சில நாள் கழித்து மறுபடி ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். அது எந்த நாள் என்று அங்கன்வாடியில் கேட்டால் சொல்வார்கள்.