லண்டனில் கூடிய ரகசியக் கிளப்

1974 மே 18. பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. மறு ஆண்டே அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, கனடா, ஜப்பான் ஆகிய ஏழு நாடுகள் லண்டனில் சத்தமில்லாமல் கூடின. எந்த அணுக் கருவியை யாருக்கு, எந்த நிபந்தனையில் விற்பது என்பதே பேச்சு.

கூட்டம் நடப்பதே வெளியே தெரியக்கூடாது என்று பிரான்ஸ் பிடிவாதம் பிடித்தது. காரணம் இருந்தது. அப்போது அது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை; பாகிஸ்தானுக்கும் தென்கொரியாவுக்கும் மறுசுத்திகரிப்பு ஆலைகளை விற்கப் பேசிக்கொண்டிருந்தது. வாங்குகிற நாடுகளுக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்ததாகப் பெயர் வரக்கூடாதல்லவா! ஆனாலும் விஷயம் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. பூட்டிய அறைக்குள் கருவிகளின் பட்டியல் போட்டுவிட்டு, அதை வாங்குகிற நாட்டுக்கே சொல்லாமல் இருப்பது என்ன நியாயமோ.

ஒருவழியாக 1978-இல், அந்தக் கூட்டங்களில் வகுத்த விற்பனை விதிகள் சர்வதேச அணுசக்தி முகமை வழியே வெளியிடப்பட்டன.

அதற்குள் இந்தியாவுக்கு அடி விழுந்துவிட்டது. சோதனை நடந்த கையோடு கனடா தன் அணு உலை உதவியை நிறுத்தியது. ராஜஸ்தானில் பாதியில் நின்ற இரண்டாம் உலையை இந்தியப் பொறியாளர்களே முடித்தார்கள். கல்பாக்கத்தில் எல்லாமே சொந்தக் கை. இந்த இரண்டு இடத்து உலைகளுக்கும் எரிபொருளாகச் சாதாரண யுரேனியம் போதும்; ஆனால் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கக் கனநீர் வேண்டும். அதற்கும் பற்றாக்குறை. தூத்துக்குடியில் கனநீர் ஆலை எழுந்தது. 1983 ஜூலையில் கல்பாக்கத்தின் முதல் உலை உயிர்பெற்றது.

லண்டனில் கூடிய அந்தக் கிளப்தான் இன்றைய அணு வழங்குநர் குழு. 2008-இல் தன் விதிகளிலிருந்து இந்தியாவுக்கு விலக்கு தந்தது. ஆனால் அதில் உறுப்பினர் ஆக இந்தியா தந்த விண்ணப்பத்துக்குச் சீனா முட்டுக்கட்டை போட்டது.