தன்னுடலைத் தாக்கும் பிறபொருளெதிரிகள்: பெம்பிகஸ் தோல் நோய்

மாணவர்களே, நோயாக்கிகள் உடலினுட் புகும்போது நிணநீர்க்குழியங்கள் பிறபொருளெதிரிகளை உருவாக்கி அவற்றை எதிர்க்கின்றன எனக் கற்றுள்ளீர்கள். இப்பிறபொருளெதிரிகள் எமது சொந்தப் புரதமொன்றையே தவறுதலாகத் தாக்கினால் என்ன நிகழும்? பெம்பிகஸ் வல்காரிஸ் என்னும் அரிய தோல் நோய் இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

நோய் ஏற்படும் விதம்

செங்கற்களைச் சீமெந்துச் சாந்து பிணைப்பது போல, மேற்றோற் கலங்களைப் பிணைப்பதற்கு டெஸ்மோகிளைன் என்னும் புரதங்கள் உதவுகின்றன. இந்நோயாளரின் பிறபொருளெதிரிகள் டெஸ்மோகிளைன் 3 உடன் இணைகின்றன. பலரில் டெஸ்மோகிளைன் 1 உம் தாக்கப்படும். இதனாற் பிணைப்புத் தளர்ந்து கலங்கள் விலகும். அவ்விடைவெளியிற் பாய்பொருள் சேர்ந்து கொப்புளம் தோன்றும். கொப்புளங்கள் இலகுவில் உடைந்து புண்ணாகும். பெரும்பாலும் முதலில் வாயினுள்ளேயே புண்கள் ஏற்படும்.

சான்றுகள்

1. மேற்றோற் கலங்களுக்கிடையே இணையும் பிறபொருளெதிரிகள் நோயாளரின் குருதியில் இருப்பதை 1964 இல் பியூட்னர், ஜோர்டன் ஆகியோர் கண்டறிந்தனர்.

2. நோயுள்ள தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தினூடாகச் சென்று சிசுவிலும் கொப்புளங்களை ஏற்படுத்தலாம். இவை சிறிது காலத்தில் தாமாகவே மறையும்.

தூண்டும் காரணிகள்

நிர்ப்பீடனத் தொகுதி இவ்வாறு தவறிழைப்பதற்குப் பல காரணிகள் கூறப்படுகின்றன. சில பரம்பரையலகுகள், பெனிசிலமைன் போன்ற மருந்துகள் என்பன அவற்றுட் சில. பிரேசிலின் கிராமப்புறங்களிற் காணப்படும் பெம்பிகஸ் வகையொன்றைப் பூச்சிக்கடி தூண்டலாமெனக் கருதப்படுகின்றது. அங்குள்ள மணல் ஈயின் உமிழ்நீர்ப் புரதத்துடன் இணையும் பிறபொருளெதிரிகள் சில டெஸ்மோகிளைன் 1 உடனும் இணைவதே இதற்குக் காரணம்.

சிகிச்சை

1950 களில் ஸ்டீரொயிட் மருந்துகள் பயன்பாட்டுக்கு வருமுன் இந்நோயாளரிற் பெரும்பாலானோர் இறந்தனர். இன்று ஸ்டீரொயிட்டுடன், பிறபொருளெதிரிகளின் உற்பத்தியைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தும் வழங்கப்படுகின்றது. நிர்ப்பீடனத்தை அடக்கும் இம்மருந்துகளாற் கிருமித்தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகரிப்பதால் மருத்துவக் கண்காணிப்பு அவசியமாகும்.

நினைவிற் கொள்க

கொப்புளங்களை ஏற்படுத்தும் நோய்கள் யாவும் தொற்றுநோய்கள் அல்ல. கொப்புளிப்பான் வைரசினாற் பரவுகின்றது. பெம்பிகஸ் நோயாக்கியால் ஏற்படுவதன்று. ஆகவே தொடுவதாலோ அருகில் அமர்வதாலோ அது பரவாது. நோயாளரை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

பயிற்சி வினா

தாயின் நோய் நீடிக்கையில், சிசுவின் கொப்புளங்கள் தாமாக மறைவதேன்?

விடை: தாயின் உடலில் அப்பிறபொருளெதிரிகள் தொடர்ந்து உற்பத்தியாகின்றன. சிசு அவற்றை உற்பத்தி செய்வதில்லை. தாயிடமிருந்து பெற்றவை படிப்படியாக அழிய, கொப்புளங்களும் மறைகின்றன.